ஆறு பாத்தி வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள்

தெகிவளையில் இருக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருக்கு 58 வயது. வங்கி வேலையிலிருந்து அண்மையில்தான் ஓய்வு. கணவருக்கு நீரிழிவும் முழங்கால் வலியும். சொந்த வீடு. பின்பக்கத்தில் கிழக்கு மேற்காக 24 அடி, வீட்டுச் சுவரிலிருந்து தெற்கு மதில் வரை 15 அடி வளவு. மேற்கே புதிதாக எழும்பிய ஐந்து மாடித் தொடர்மாடி, கிழக்கே அயல்வீட்டு மாமரத்தின் ஒரு கிளை. நிலமோ கட்டட இடிபாடு கொட்டி நிரப்பியது. பெருமழைக்கு இரண்டு நாள் கணுக்காலளவு தண்ணீர் நிற்கிறது.

யூடியூப் பார்த்து அவர் போட்ட திட்டம் இது: 8 அடிக்கு 4 அடியாக ஆறு பாத்திகள், இரண்டரை அடி உயரம், செங்கல் சுவர், அடியில் கொங்கிறீற். உள்ளே லொறியில் கொண்டுவரும் சிவப்பு மண். மேசன் மதிப்பீடும் கொடுத்துவிட்டார். இடம் போதாவிட்டால் கார் நிறுத்தும் போர்ட்டிக்கோவின் தட்டிலும் இரண்டு பாத்தி. செலவைக் குறைக்க, கூரையிலிருந்து கழற்றி மதிலில் சாத்தியிருக்கும் பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளைச் சுவராக நிறுத்தலாமா என்றும் கேட்கிறார். கரட், கோவா, தக்காளி, கத்தரி, கீரை எல்லாம் வேண்டுமாம். இரசாயனம் ஒரு துளியும் வேண்டாமாம். கனடாவில் இருக்கும் தம்பி டிசெம்பரில் வரும்போது விதை கொண்டுவருவாராம். கணவருக்கு ஒரே பயம்: “நுளம்புக்குப் பிடித்து வழக்குப் போட்டுவிடுவார்கள்.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. வேலை தொடங்கிய இடம்தான் தலைகீழ். மேசனிடம் போவதற்கு முன்னர் போக வேண்டிய இடங்கள் இரண்டு: மழைநாளில் உங்கள் வளவு, வெயில்நாளில் அதே வளவு.

நீங்கள் பார்த்த காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் செய்தவை. அங்கே பாத்தியை உயர்த்துவதற்கு முக்கிய காரணம், பனிக்காலம் முடிந்ததும் மண் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பது. கொழும்பு மண்ணைச் சூடேற்ற யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. இங்கே பாத்தியை உயர்த்துவது மழைக்காக. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர் இது. ஏப்ரல்–மே, ஒக்டோபர்–நவம்பர் ஆகிய இரு பருவங்களிலும் அது கொட்டித் தீர்க்கிறது. இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் வேர் மூச்சுத் திணறிக் கத்தரியும் மிளகாயும் செத்துப்போகும். ஆகவே உங்கள் வளவுக்கு உயர்த்திய பாத்தி தேவைதான். ஆனால் இரண்டரை அடி தேவையில்லை. தண்ணீர் கணுக்காலளவுதான் நிற்கிறது என்றால் ஓரடி உயரம் போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மண் வாங்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் அதே உயரம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்: உயர்ந்த பாத்தி சீக்கிரம் காயும், குழாய்த் தண்ணீர்ப் பட்டியல் ஏறும்.

வெயில் எங்கே விழுகிறது?

ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு, பத்து, நண்பகல், பிற்பகல் இரண்டு, நான்கு மணிக்கு நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு வையுங்கள். காய்க்கும் மரக்கறிக்குக் குறைந்தது ஆறு மணிநேர நேர்வெயில் வேண்டும். கீரை வகைகள் மூன்று நான்கு மணிநேரத்திலும் சமாளிக்கும்.

புத்தகங்களில் “பாத்தி தெற்கு நோக்கியிருக்கட்டும்” என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது நமக்குப் பொருந்தாது. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. உங்கள் தெற்கு மதில் ஆறடி என்று வைத்துக்கொண்டால், டிசெம்பர் நண்பகலில் அதன் நிழல் மூன்றரை அடி வளவுக்குள் விழும். ஜூனில் அந்த மதிலுக்கு உங்கள் பக்கம் நிழலே இராது. அப்போது வீட்டுச் சுவர்தான் மறைக்கும். எனவே மதிலிலிருந்தும் வீட்டிலிருந்தும் நான்கு நான்கு அடி தள்ளி நடுவில் இருக்கும் பட்டையே உங்கள் நல்ல நிலம்.

உங்கள் உண்மையான சிக்கல் மேற்குத் தொடர்மாடி. பிற்பகல் வெயிலை அது விழுங்கிவிடும்; கிழக்கிலிருந்து வரும் காலை வெயில்தான் உங்கள் சொத்து. ஆகவே பயற்றங்காய், பாகற்காய்க் கொடிகளுக்கான பந்தலை மேற்கு ஓரத்தில் வையுங்கள், மற்றச் செடிகளை அது மறைக்காது. மாமரக் கிளையும் காலை வெயிலைத்தான் தடுக்கிறது. மரம் அவர்களுடையது. நீங்களாக ஏணி வைத்து வெட்டி மனக்கசப்பைத் தேட வேண்டாம், பேசிப் பாருங்கள். முதல் கத்தரிக்காயில் பாதி அங்கே போகும் என்று சொன்னால் பேச்சு சுலபமாக முடியும்.

ஆறு பாத்தியின் கணக்கு

எட்டடிப் பாத்தி மூன்றை வரிசையாக வைத்தால் 24 அடியும் தீர்ந்தது. இடையில் நடக்க வழியில்லை, பறந்துதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டரை அடி உயரத்தில் ஒரு பாத்திக்கு 80 கன அடி மண், ஆறுக்கும் 480. நம்மூரில் மண் விற்கும் கியூப் கணக்கில் அது ஏறக்குறைய ஐந்து கியூப். நனைந்தால் இருபது தொன்னுக்கு மேல் கனக்கும். இவ்வளவையும் தெருவிலிருந்து பின்வளவுக்கு யார் சுமப்பது?

நான் சொல்வது இதுதான். நடுப்பட்டையில் 8 அடிக்கு 4 அடியாக, ஓரடி உயரத்தில் இரண்டு பாத்தி, இடையே மூன்றடி வழி. நான்கடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரு பக்கத்திலும் நின்று நடுவுக்குக் கை எட்ட வேண்டும். கணவருக்காக மட்டும் ஒன்றை உயர்த்திக் கட்டுங்கள்: வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கதிரையில் இருந்தபடியே அவர் கீரை கிள்ளலாம். அதன் கீழ்ப்பாதியைப் பொச்சுமட்டையாலும் காய்ந்த கொப்புகளாலும் நிரப்பிவிட்டால் மண் மிச்சம். மட்டை உக்க உக்கப் பாத்தி தாழும். ஆண்டுக்கொரு முறை மேலே கூட்டெரு போட்டுச் சரிசெய்யுங்கள். மூன்று பாத்திக்கும் சேர்த்து 88 கன அடி. ஒரு கியூப்கூட இல்லை.

ஒன்றுக்குப் பதில் இரண்டு பெரிய பாத்தி கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஈரவலயத் தாழ்நிலத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு எமன் பக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி நண்பகலில் துவளும், சில நாளில் சாகும். தண்டை வெட்டித் தண்ணீர்க் குவளையில் நிறுத்தினால் பால்போன்ற இழை இறங்கும், இறங்கினால் அதுதான். அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மருந்தடித்துத் தீர்க்க முடியாது. இந்த மூன்றும் ஒரே குடும்பப் பயிர்கள். ஒரு பாத்தியில் இவற்றை வைத்தால் அடுத்த போகத்தில் அங்கே பயற்றை, வெண்டி, கீரை. கத்தரி, தக்காளி, மிளகாய் மற்றப் பாத்திக்கு மாற வேண்டும். வாடிய செடியை வேரோடு பிடுங்கிக் குப்பைக்குக் கொடுங்கள், கூட்டெருக் குவியலில் போடாதீர்கள்.

எதனால் கட்டுவது, எதைத் தொடவே கூடாது

அஸ்பெஸ்டஸ் தகடு வேண்டவே வேண்டாம். பழையது உடையும்போதும் அறுக்கும்போதும் தேயும்போதும் வெளிவரும் நுண்ணிழைதான் ஆபத்து. மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியது. மண்வெட்டியும் அள்ளியும் தினமும் உரசும் இடத்தில் அதை நிறுத்துவது தெரிந்தே தேடிக்கொள்ளும் வினை. இப்போது சாத்தியிருப்பதையும் உடைக்காமல், நனைத்து, முழுத்தகடாகவே அப்புறப்படுத்துங்கள். எப்படிக் கொடுப்பது என்று மாநகர சபையிடம் கேளுங்கள்.

பலகை அழகுதான். கொழும்பு ஈரத்திலும் கறையானிலும் சாதாரணப் பலகை ஓரிரு ஆண்டுதான் தாங்கும். பழைய ரயில் சிலிப்பர்க் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும், உணவுப் பயிருக்கு ஆகாது. சீமெந்துக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கினாலே ஓரடிப் பாத்திக்குப் போதும். பிடிக்காவிட்டால் கழற்றி இடம் மாற்றலாம். கல்லின் துவாரங்களை மண்ணால் நிரப்பிவிடுங்கள், ஏன் என்று பின்னர் சொல்கிறேன். கணவரின் உயரப் பாத்திக்கு மட்டும் மேசனைக் கூப்பிடுங்கள். அடியில் கொங்கிறீற் போட விடாதீர்கள். போட்டால் அது பாத்தியல்ல, தொட்டி. மழை இறங்க வழியின்றி வேர் அழுகும். சுவரின் அடிவரிசையில் இரண்டடிக்கொரு துவாரம் விடச் சொல்லுங்கள்.

மதிலோடு சேர்த்துப் பாத்தி கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மதில் ஒரு பக்கத்திலிருந்து ஈரமண்ணைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. சாயும், சுவரில் ஈரமேறும். அது அயலவரின் மதிலாக இருந்தால் அதன்மேல் பாரம் ஏற்ற உங்களுக்கு உரிமையும் இல்லை. விழுந்தால் நட்டஈட்டுப் பேச்சு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

போர்ட்டிக்கோத் தட்டு? ஆட்கள் நடமாடும் தட்டு வழமையாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ சுமைக்கே கணக்கிடப்படும். ஓரடி ஈரமண் அதே இடத்தில் 500 கிலோவைத் தாண்டும். பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சரி என்று எழுதித் தராமல் அங்கே பாத்தி வேண்டாம். கொத்தமல்லி, புதினா, ஒன்றிரண்டு கொச்சிச் செடி என்று சாடிகளைத் தூண்கள் இருக்கும் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுளம்பு விஷயத்தில் உங்கள் கணவர் பாதி சரி

வீட்டுத்தோட்டம் செய்யக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் கேட்பது வளவில் நுளம்பு பெருக இடம் வைக்காதே என்பதையே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவைப் பார்க்க வந்தால் மறிக்காதீர்கள். அவர் தேடப்போவது மண்ணை அல்ல. சாடிக்குக் கீழுள்ள தட்டு, மூடாத தண்ணீர்ப் பீப்பா, பழைய டயர், கவிழ்க்காத வாளி, சிரட்டை, நிரப்பாமல் விட்ட சீமெந்துக் கல்லின் துவாரம் ஆகியவற்றைத்தான். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டையோ காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். அதனால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று நினையாமல், பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மழைநீர்ப் பீப்பாவுக்கு நெருக்கமான வலை கட்டுங்கள். டயரில் செடி வைக்கும் யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள்.

நுளம்பைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் எலியை மறந்துவிடுகிறார்கள். சமையலறை மிச்சத்தைத் திறந்த குவியலாகப் போட்டால் எலி வரும், எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். மூடியுள்ள கூட்டெருப் பீப்பா வாங்குங்கள். மீன், இறைச்சி, சோறு அதில் வேண்டாம். காலில் வெடிப்போ கையில் காயமோ இருந்தால் கையுறையும் சப்பாத்தும் இல்லாமல் ஈரமண்ணில் இறங்காதீர்கள். நீரிழிவு உள்ள உங்கள் கணவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மழைக்குப் பெருகும் ஆபிரிக்க நத்தையையும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவிச் சமையுங்கள்.

மண், பசளை, பயிர்

லொறிக்காரர் கொண்டுவரும் சிவப்பு மண் நிலம் நிரப்புவதற்கு வெட்டும் அடிமண். கபொக் சரளை கலந்தது, புளிப்புத்தன்மை கூடியது, உயிர்ச்சத்து இல்லாதது. மேல்மண் என்று கேட்டு, பார்த்து, கையில் உதிர்த்து வாங்குங்கள். கலவையில் பாதி மேல்மண், கால் பங்குக்கு மேல் நன்றாக உக்கிய கூட்டெரு, மிச்சம் உமிக்கரியும் தும்புத்தூளும். தும்புத்தூளில் உப்பிருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். நகரக் கழிவிலிருந்து செய்த கூட்டெரு என்றால் சலித்துப் பாருங்கள், கண்ணாடித்துண்டு கையை வெட்டும். கோழியெரு பச்சையாக வேண்டாம், செடியைக் கருக்கும். கிளிசிறிடியா இலை கிடைத்தால் பரப்பி மூடுங்கள். பசளையும் அதுவே, வெயிலுக்குப் போர்வையும் அதுவே.

இரசாயனம் பற்றி ஒரு வார்த்தை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, விவசாயி வயிற்றில் அடித்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அந்தச் சண்டையை உங்கள் பின்வளவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. இரண்டு பாத்திக்குக் கூட்டெருவும் மாட்டெருவும் போதும், உரப்பை வாங்கத் தேவையே வராது. அதற்காக இயற்கை என்ற பெயரில் எதையும் அளவின்றிக் கொட்டலாம் என்றும் இல்லை. பூச்சிக்கு முதல் மருந்து தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்ப்பது. வெண்ஈ, மாவுப்பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும். பாகற்காயைப் பழ ஈயிடமிருந்து காக்கப் பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டுங்கள்.

கரட், கோவா, லீக்ஸை நுவரெலியாவுக்கே விட்டுவிடுங்கள். கொழும்புச் சூட்டில் அவற்றோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நான்கு தரம் கங்குன் அறுக்கலாம். சந்தையில் விலை ஏறும்போது வீட்டுக்கு உண்மையில் கைகொடுப்பவை பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, கத்தரி. 2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னது நினைவிருக்கும். அன்று கரட்டோடு தொடங்கியவர்கள் பலர் கைவிட்டார்கள், கீரையோடு தொடங்கியவர்கள் இன்றும் அறுக்கிறார்கள்.

காலத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் பாத்தியை நிரப்பி மண்ணைப் படிய விடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழைக்குக் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை. கங்குன் ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வரும். தக்காளியையும் கத்தரியையும் அந்த மழையில் நடவே வேண்டாம். நவம்பரில் தட்டில் விதைத்து, கூரைக்கடியில் நாற்று வளர்த்து, மழை தணியும் டிசெம்பர் நடுவில் பாத்திக்கு மாற்றினால் பூவும் காயும் பெப்ரவரி வெயிலுக்கு வரும். கத்தரியில் லேனாயிரி, வெண்டியில் ஹரித என்று கேட்டால் விவசாயத் திணைக்கள விதை விற்பனை நிலையங்களில் தருவார்கள். சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், தமிழிலும் பேசலாம்.

பாகற்காய் நடுவது நீரிழிவுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மரக்கறி, நடுங்கள். ஆனால் அதை நம்பி வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்க விடாதீர்கள்.

தம்பியின் விதைப் பொட்டலம் கடைசியாக. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் விதையை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் பறிமுதல் ஆகலாம், வெளியூர் நோயொன்று நம் வயலுக்கு வந்து சேரவும் கூடும். எப்படியும் அந்தக் கரட் விதையால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்காவுக்கு ஏதாவது கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால், துருப்பிடிக்காத நல்ல கத்தரிக்கோல் ஒன்று போதும் என்று சொல்லிவிடுங்கள்.